மென்பொருள் பார்க்கும் முன் ஒரு லாட்டின் பின்னால் நடந்து பாருங்கள்

திருப்பூரில் நானூறு பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை நிறுவனத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்துதரும் பட்டறைகளுக்கு, வெளியே போய்வரும் நூல், துணிக் கணக்கு முழுவதையும் கணினிக்குக் கொண்டுவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை சரக்கோடு எழுதி அனுப்பும் டெலிவரி சலான் புத்தகமும் எக்செல் தாளும்தான் இருக்கின்றன. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறார் முதலாளி. இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் செயல்விளக்கம் காட்டத் தேதி கேட்கின்றன. தொடங்குவதற்கு முன் நான் என்னென்ன தகவல்களைச் சேகரிக்க வேண்டும்?”

அந்த இரண்டு நிறுவனங்களையும் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். திரையை ஒருமுறை பார்த்துவிட்டால், அதில் இருக்கும் கட்டங்களை நிரப்ப என்ன வேண்டும் என்றுதான் மனம் தேடும். அதில் இல்லாதது உங்கள் கண்ணில் படாமலே போகும். மூன்று மாதத்தில் ஒரு மாதத்தை விசாரிப்பதற்கே கொடுத்துவிட்டால் மீதி இரண்டு மாதம் போதுமா என்று முதலாளி கேட்பார். போதும். விசாரிக்காமல் இறங்கினால்தான் ஒரு வருடம் ஆனாலும் போதாது.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் உங்களுடையதைப் போன்ற ஒரு நிறுவனத்தில் இதே வேலையைப் பொறுப்பேற்றுச் செய்தேன். அலுவலக அறையில் நான்கு கூட்டங்கள் போட்டோம். மேலாளர், கணக்காளர், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் வந்தார்கள். நூல் வாங்குகிறோம், நிட்டிங்குக்கு அனுப்புகிறோம், துணி வருகிறது, சாயப்பட்டறைக்கு அனுப்புகிறோம், வருகிறது, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது), கட்டிங் என்று பலகையில் அம்புக்குறி போட்டு அழகாக வரைந்தார்கள். அந்தப் படத்தை நம்பி மென்பொருளை அமைத்தோம். ஒரு துணி உள்ளே வந்ததாகப் பதிவானால்தான் அடுத்த இடத்துக்கு அனுப்பும் சலான் போட முடியும் என்று விதி வைத்தோம்.

நடைமுறையில் அந்தத் துணி பெரும்பாலும் எங்கள் வாசலுக்கே வரவில்லை. நிட்டிங் முடிந்த ரோல்கள் அங்கிருந்து நேராகச் சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தன. வண்டி வாடகை மிச்சம், ஒரு நாள் மிச்சம். ஊரே அப்படித்தான் செய்கிறது. அறையில் இருந்த யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. கணக்கில் அது எப்படி எழுதப்படுகிறதோ அதைச் சொன்னார்கள். துணி எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. விளைவு என்னவென்றால், ஸ்டோர்ஸில் இருந்த இளைஞர் தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்து, வராத துணியை வந்ததாகப் பதிவிட்டு, உடனே அனுப்பியதாகவும் பதிவிட்டார். எடையை நிட்டிங்காரரிடம் தொலைபேசியில் கேட்டுப் போட்டார். அவர் எடுக்காத நாளில் தோராயமாகப் போட்டார். ஆறு மாதக் கணக்கு அப்படியே வீணானது. அந்த இளைஞர்மேல் பழி விழுந்தபோது, தவறு என்னுடையது என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இன்றும் அது உறுத்துகிறது.

ஆகவே உங்கள் முதல் வேலை, ஒரு லாட்டின், அதாவது ஒன்றாகச் சேர்ந்து போகும் ஒரு தொகுதிச் சரக்கின், பின்னால் கடைசிவரை நடப்பது. ஒரு ஆர்டரைத் தேர்ந்தெடுங்கள். நூல் மூட்டை இறங்கும் நேரத்தில் நில்லுங்கள். அது நிட்டிங்குக்குப் போகும் வண்டியில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். அங்கே யார் எடை போடுகிறார், எந்தத் தாளில் எழுதுகிறார், அந்தத் தாளின் எந்தப் பிரதி யாரிடம் போகிறது என்று பாருங்கள். ரோலின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஏதோ எழுதுவார்கள். அந்த எண்தான் அந்தத் துணிக்கு உயிர், ஆனால் எந்தப் படிவத்திலும் அது இருக்காது. சாயப்பட்டறையில் உங்கள் ரோல்களை வேறு நிறுவனத்தின் ரோல்களிலிருந்து எப்படிப் பிரித்து வைக்கிறார்கள் என்று கேளுங்கள். காம்பாக்டிங்குக்கும் கட்டிங் மேசைக்கும் போங்கள். ஒரு லாட் முழுதாக முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஒரே லாட்டுக்காகக் காத்திராமல், வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் மூன்று நான்கு லாட்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வாரத்தில் முழு வழியும் தெரிந்துவிடும்.

இந்த நடையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எடை. நூலை கிலோவில் வாங்குகிறீர்கள். துணியானதும் கிலோவும் ரோலும் சேர்ந்து வருகின்றன. கட்டிங்கில் கிலோ போய் பீஸ் வருகிறது. அளவை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு இழப்பு உண்டு, அந்த இழப்புக்கு ஒரு வாய்மொழி ஒப்பந்தமும் உண்டு. 500 கிலோ சாயத்துக்குப் போய் 470 கிலோ திரும்பினால் இழப்பு 6 சதவீதம். அது சரியா, கூடுதலா? வெள்ளைக்கும் அடர் நிறத்துக்கும் கணக்கு ஒன்றல்ல. ஒவ்வொரு பட்டறையோடும் பேசிவைத்த விகிதமும் ஒன்றல்ல. அந்த விகிதங்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடினால், பெரும்பாலும் முதலாளியின் தம்பியின் நினைவிலோ பழைய மேலாளரின் டயரியிலோதான் கிடைக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, இருவரிடமும் தனித்தனியாகச் சரிபாருங்கள். இரண்டு பேரும் வெவ்வேறு எண்களைச் சொன்னால் கவலைப்படாதீர்கள். அந்த முரண்பாட்டை இப்போதே கண்டுபிடித்தது உங்களுக்குப் பெரிய லாபம்.

எடையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பருத்தி ஈரத்தை உறிஞ்சும். வழக்கமான தட்பவெப்பத்தில் பருத்தியின் ஈரம் 8.5 சதவீதம் என்று துணித் தொழிலில் ஒரு நிலையான கணக்கு வைத்திருக்கிறார்கள். மழை நாளில் அது ஏறும், பங்குனி வெயிலில் இறங்கும். ஈரம் ஒரு சதவீதம் மாறினாலே 500 கிலோவில் ஏறத்தாழ 5 கிலோ வித்தியாசம் வரும். அதோடு பாலித்தீன் கவரின் எடையைக் கழிப்பவர்களும் உண்டு, கழிக்காதவர்களும் உண்டு. நிட்டிங்கில் இருக்கும் எடை இயந்திரமும் உங்களுடையதும் ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்பதை ஒரே ரோலை இரண்டிலும் வைத்துப் பார்த்துவிடுங்கள். இவற்றையெல்லாம் அறியாமல் “இரண்டு எடையும் பொருந்தாவிட்டால் பதிவு செய்யாதே” என்று மென்பொருளுக்குக் கட்டளை கொடுத்தால், முதல் வாரத்திலேயே வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.

அடுத்தது பெயர்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு நிறத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார். சாயப்பட்டறைக்காரர் அதை லேப் டிப் (ஒப்புதலுக்காகச் சாயமிட்டுக் காட்டும் சிறு மாதிரித் துணி) எண்ணால் அழைப்பார். உங்கள் கட்டிங் மேற்பார்வையாளர் “அந்தக் கிளிப்பச்சை” என்பார். மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்தவர் நிறுவனத்தில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். பட்டறைகளின் பெயரும் அப்படித்தான்; ஒரே பார்ட்டியின் பெயர் சலானில் ஒரு விதமாகவும், கணக்குப் புத்தகத்தில் வேறு விதமாகவும், எக்செலில் இரண்டு எழுத்துப்பிழைகளோடும் இருக்கும். மென்பொருளுக்கு அவை நான்கு வெவ்வேறு ஆட்கள். இந்தப் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை, ஆனால் மூன்று மாதக் கெடுவை உடைப்பது பெரும்பாலும் இதுதான். முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

நடந்து முடித்த பிறகு தாள்களைச் சேகரியுங்கள். காலிப் படிவம் யாருக்கும் உதவாது. கடந்த மூன்று மாதத்தில் எழுதப்பட்ட சலான்களை எடுத்து வையுங்கள். அதிலும் அடித்துத் திருத்தியவை, ஓரத்தில் குறிப்பு எழுதியவை, இரண்டு சலானை ஒன்றாகப் பின் குத்தியவை ஆகியவற்றைத் தனியே பிரியுங்கள். ஒவ்வொரு அடித்தலுக்கும் பின்னால் படிவம் எதிர்பார்க்காத ஒரு சம்பவம் இருக்கும். “பாதி ரோல் மறு சாயத்துக்கு” என்று ஒரு ஓரக்குறிப்பு. “அவசரத்துக்கு வேறு ஆர்டரின் துணி எடுத்தது” என்று இன்னொன்று. “நிறம் ஒத்துவரவில்லை, பட்டறையிலேயே வைத்திருக்கிறது” என்று மற்றொன்று. இந்த விதிவிலக்குகளை எண்ணிப் பாருங்கள். பத்து சலானில் மூன்று இப்படி இருந்தால் அதை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது, அதுவும் அன்றாட வேலைதான். மென்பொருளில் அதற்கு வழி வேண்டும். இருநூறில் ஒன்று என்றால் கையால் எழுதிக்கொள்ளலாம், அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையும் இரவும் என்ன நடக்கிறது என்று கேட்க மறக்காதீர்கள். கப்பல் தேதி நெருங்கும்போது இரவு பதினொரு மணிக்கு வண்டி வரும். அப்போது ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும். வாட்ச்மேன்தான் இறக்கி வாங்கி, தன் நோட்டில் குறித்துவைப்பார். அந்த நோட்டைப் பார்க்காமல் உங்கள் தகவல் சேகரிப்பு முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

இப்போது முதலாளியிடம் வருவோம். அவரிடம் முதல் நாளே பேசியிருப்பீர்கள். இந்த நடைக்குப் பிறகு இன்னொரு முறை பேசுங்கள், அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி உங்களிடம் இருக்கும். “என்ன வேண்டும்?” என்று கேட்டால் “எல்லாம் கணினியில் தெரிய வேண்டும்” என்பார். “எந்தச் சம்பவத்துக்குப் பிறகு இதைச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றியது, ஐயா?” என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஓர் இடத்தில், அதுவரை இருப்பு அறிக்கை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு சாயப்பட்டறையின் பில்லைப் பற்றிச் சொன்னார். துணி குறைவாக வந்தது தெரிந்தும், எந்த லாட்டில் எவ்வளவு என்று காட்ட முடியாததால் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டியதாயிற்றாம். அவருக்குத் தேவைப்பட்டது இருப்பு அறிக்கை அல்ல. பில்லை பாஸ் செய்யும் மேசையில், லாட்வாரியாகப் போன எடையும் வந்த எடையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வேலை பாதியாகக் குறைந்தது.

அவரிடமே இன்னும் இரண்டைக் கேளுங்கள். எந்த முடிவை நீங்களே எடுக்கலாம், எதற்கு அவரிடம் வர வேண்டும்? இந்த வேலைக்காக ஸ்டோர்ஸிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் ஒருவரை விடுவிப்பாரா? இரண்டாவது கேள்விக்குத் தயங்கினால், பணம் ஒதுக்கியிருந்தாலும் திட்டத்துக்கு ஆதரவு இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். அதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் தொடர்பான தகவல்களைக் கணக்காளரிடமும் ஆடிட்டரிடமும் ஒரே அமர்வில் வாங்கிவிடலாம். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி விழும். ஆகவே ஒவ்வொரு சலானுக்கும் வயது காட்டும் வசதி வேண்டும். ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து இன்னொருவருக்கு நேராக அனுப்புவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. மேலே நான் சொன்ன என் தவறுக்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. சலான் எண் 16 எழுத்துக்கு மிகக் கூடாது. கிளை, வருடம், பார்ட்டி, ஆர்டர் என்று எல்லாவற்றையும் எண்ணுக்குள் திணிக்கும் ஆசை உங்கள் நிறுவனத்திலும் யாருக்காவது இருக்கும், அப்போது இது நினைவில் இருக்கட்டும். ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த சரக்கின் விவரம் காட்டும் ஐடிசி-04 படிவத்தை, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அதற்குள் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறையும் தாக்கல் செய்ய வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து இதுதான் முறை. உங்கள் நிறுவனம் பங்குதாரர் நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா என்று கேளுங்கள். கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் அணைக்க முடியாதபடி பதிவாக வேண்டும். நீங்கள் வாங்கப்போவது கணக்கு மென்பொருளோடு இணைகிறது என்றால், இந்த விதி அதற்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆட்களைப் பற்றிய தகவலை யாரும் தகவல் என்று எண்ணுவதில்லை. எனக்கு அது எடைக்கு அடுத்தபடி முக்கியம். தினமும் யார் பதிவிடப் போகிறார்? அவருக்கு எந்த மொழி படிக்கத் தெரியும்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் திருப்பூரின் பல யூனிட்களில் வேலை செய்கிறார்கள். ஸ்டோர்ஸில் அப்படி ஒருவர் இருந்தால் தமிழில் அமைத்த திரை அவருக்கு உதவாது, ஆங்கிலத் திரை உள்ளூர்க்காரருக்கு உதவாமல் போகலாம். கையில் பஞ்சும் தூசியுமாக நிற்பவர் கணினி முன் உட்கார்ந்து தட்டுவாரா, நின்றபடி கைபேசியில் போடுவாரா? வண்டி இறங்கும் இடத்தில் வைஃபை எட்டுகிறதா? நேரில் போய் நின்று பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை தெரியும்.

அதோடு, இருபது வருடமாக ஸ்டோர்ஸ் பார்க்கும் ஒருவர் உங்கள் நிறுவனத்திலும் இருப்பார். எந்தத் துணி எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிச் சொல்வார். அவருடைய மதிப்பே அந்த நினைவாற்றல்தான். அதைக் கணினி எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அவருக்கு உங்களைவிட முன்பே புரிந்துவிடும். அவரைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். முதல் நாளே போய், “அண்ணா, இந்த வேலை உங்களுக்குத்தான் தெரியும். நான் ஒரு வாரம் உங்களோடு இருந்து கற்றுக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். மனதாரக் கேளுங்கள், ஏனென்றால் அது உண்மை. அவருடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுங்கள், பிடுங்காதீர்கள். இந்தத் திட்டத்துக்குப் பிறகு அவருடைய இடம் என்ன என்பதை முதலாளி வாயால் அவருக்குச் சொல்ல வையுங்கள். இதற்குப் பதில் இல்லாமல் ஒரு அடிகூட முன்னே எடுத்துவைக்க வேண்டாம்.

இன்றைய நிலையின் அளவுகளையும் குறித்துவையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சலான், இப்போது வெளியே எத்தனை லாட் நிற்கிறது, சாயப்பட்டறை பில் வந்து எத்தனை நாளில் சரிபார்த்து முடிகிறது, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை துணி தேடி கட்டிங் நின்றது. நான்கு எண்கள் போதும். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், புது முறை வந்த அன்றே பழைய நிலை எப்படி இருந்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

எவ்வளவு சேகரித்தால் போதும்? இதற்கு ஒரு பெரிய நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, காகிதத்தில் இருந்த தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற ‘வர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தேவைகளை எழுதிய ஆவணம் மட்டும் 800 பக்கத்துக்கு மேல். ஆனாலும் வேலை நடக்க நடக்க நூற்றுக்கணக்கான மாற்றங்கள் கேட்கப்பட்டன. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பிறகு, 2005இல் அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த ‘சென்டினல்’ 2012இல்தான் முழுதாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவும் கடைசிக் கட்டத்தில் வேலையைத் தங்கள் கைக்கே எடுத்துக்கொண்டு, சிறு சிறு பகுதியாகச் செய்து, பயன்படுத்துபவர்களிடம் அவ்வப்போது காட்டிச் சரிசெய்த பிறகு. அந்த 800 பக்க ஆவணம், திரை எப்படி இருக்க வேண்டும், பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை போனது. எந்த வேலை நடக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாக நிலைபெறவில்லை.

நீங்களும் பொத்தானின் நிறத்தைப் பற்றிக் குறிப்பெடுக்கத் தொடங்கினால் சேகரிப்பை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். எனக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. புதிதாக ஒரு லாட்டின் பின்னால் போகும்போது, அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். தொடர்ந்து மூன்று லாட்களில் எனக்கு வியப்பு எதுவும் வராவிட்டால் நிறுத்திவிடுவேன்.

பிறகு எல்லாவற்றையும் நான்கு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். முதல் பக்கத்தில் முதலாளி சொன்ன அந்தச் சம்பவமும், அது மறுபடி நடக்காமலிருக்க என்ன தெரிய வேண்டும் என்பதும். இரண்டாவதில் துணி போகும் உண்மையான வழி, நேராகப் போகும் கிளைவழிகளோடு. மூன்றாவதில் அளவை மாறும் இடங்களும் பட்டறைவாரியான இழப்பு விகிதங்களும். கடைசியில் இப்போதைக்குச் செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தவை. இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் இரண்டாவது மாதம் தையல் பீஸ் ரேட்டும் வருகைப்பதிவும் உங்கள் தலையில் வந்து உட்காரும். அந்த நான்கு பக்கத்தை அலுவலகத்தில் காட்டுவதற்கு முன் ஸ்டோர்ஸ் அண்ணனிடமும் இரவு வாட்ச்மேனிடமும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தியதைச் சேர்த்த பிறகு முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மென்பொருள் நிறுவனங்கள் வரும் நாளில், அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கணக்கை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பிரித்துவைத்த அடித்துத் திருத்திய சலான்களிலிருந்து ஐந்தைக் கொடுங்கள். பாதி ரோல் மறு சாயத்துக்குப் போனது அதில் ஒன்றாக இருக்கட்டும். அதை உங்கள் கண்முன்னே பதிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஸ்டோர்ஸ் அண்ணனும் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.